மூன்றாம் ஓலைக்கு முந்திய வாரம்

கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் வேதியர் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள். விவிலியத்தில் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகிற வசனங்களுக்கெல்லாம் பதில் எழுதித் தாருங்கள் டீச்சர், யாராவது மடக்கினால் எடுத்து நீட்ட வசதியாக இருக்கும் என்கிறீர்கள். தரமாட்டேன். திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக இத்தனை வருடம் அலைந்தவளிடம் அதுகூடவா இருக்காது? இருக்கிறது. இருந்தும் தரமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைக் கஞ்சப் பிசினாறி என்று திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

கல்லறையில் இருந்த வானதூதர் ஒருவரா இருவரா, சேவல் ஒரு தடவை கூவியதா இரண்டு தடவையா என்று கேட்பவர்கள் உங்களிடம் வருவார்கள். டீக்கடையில் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்பார்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சிரித்துவிட்டு உங்கள் ஸ்டாப்பில் இறங்கிப் போங்கள். அதனால் யாரும் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிடப் போவதில்லை. ஆனால் வேறு மாதிரி ஆட்களும் வருவார்கள். அவர்கள் கேட்பது வசனத்தைப் பற்றி இருக்கும், கேட்க வைத்தது வேறு எதுவோவாக இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் கையில் பதில் எழுதிய தாள் இருந்தால் கெட்டது குடி.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நாகல் நகரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெரால்டு என்ற பையனுக்கும், நத்தம் போகிற வழியில் ஒரு கிராமத்தைச் சேர்ந்த பெனிட்டா என்ற நர்ஸ் பெண்ணுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். நம் வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் திருமண ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று. எங்கள் கோயிலில் அதை வாசிப்பது என் வேலை. வாசித்து வாசித்து எனக்கே அது பழகிப்போயிருந்தது. தடை என்று ஒருவர் வந்து நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று ஜெரால்டின் அம்மா ஆரோக்கியமேரி வந்து நின்றார். புருஷனை இழந்தவர். வீட்டு முன்பக்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். வாய் ஓயாமல் பேசிச் சிரிக்கிற மனுஷி. அன்றைக்கு முகம் இறுகிப்போயிருந்தது.

"டீச்சர், மூணாவது ஓலைய வாசிக்காதீக. தடை இருக்கு."

"என்னக்கா தடை?"

"அந்தப் பொண்ணோட அப்பா, கூடப்பொறந்த தம்பிய அடிச்சுக் கொன்னவராம். செயிலுக்குப் போயிட்டு வந்தவராம். பொண்ணு பாக்கப் போனப்ப அவரு ஒடம்பு முடியாமப் படுத்திருக்காருன்னு சொல்லி மறைச்சுட்டாக. மொத ஓலை வாசிச்ச பெறகுதான் எங்காதுக்கு வருது."

சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து ஒரு பிரசங்கத்தைப் போட்டுக் காட்டினார். தகப்பன் செய்த அக்கிரமத்துக்குப் பிள்ளைகளிடம், மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும், கடவுள் கணக்குக் கேட்பார் என்று ஒருவர் அடித்தொண்டையில் முழங்கிக்கொண்டிருந்தார். விடுதலைப் பயணம் நூலில், பத்துக் கட்டளை வருகிற இடத்திலேயே இருக்கிற வசனம்தான். அவர் இல்லாததைச் சொல்லவில்லை.

ஆரோக்கியமேரிக்கு வந்த தகவலும் பொய்யில்லை. பெனிட்டாவின் அப்பா சவரிமுத்து வாலிபத்தில் குடித்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் வந்த தகராறில் தன் தம்பியை அடித்திருக்கிறார். அந்த அடியில் தம்பி செத்துப்போனார். தண்டனை முடிந்து வந்தபின் குடியைத் தொடவில்லை. மாந்தோப்பில் காவல் இருக்கிறார். பெண்ணை வளர்த்துப் படிக்க வைத்தது அவளுடைய தாய்மாமன், தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெனிட்டா இதையெல்லாம் ஜெரால்டிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவன்தான் அம்மாவிடம் சொல்லாமல் விழுங்கியிருந்தான்.

அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் இதே காரணத்தால் பேச்சோடு நின்றிருக்கிறது. அது நாலு பேருக்குத் தெரிந்து முடிந்தது. இது அப்படியில்லை. இரண்டு ஓலை வாசித்துவிட்டு மூன்றாவது நின்றால் கோயில் கோயிலாகக் காரணம் போகும். அப்புறம் அவள் எங்கே போனாலும் கொலைகாரன் மகள்தான். ஜெரால்டிடம் கேட்டேன். "அம்மா மனசு ஒப்பாம கட்ட மாட்டேன் டீச்சர். வேற யாரையும் கட்டவும் மாட்டேன்" என்றான். இந்த வசனத்தை எல்லாப் பையன்களும் எங்கிருந்துதான் மனப்பாடம் செய்கிறார்களோ.

பங்குத்தந்தை அந்த வாரம் வருடாந்திர மௌனத் தியானத்துக்குப் போயிருந்தார். போனில் பிடித்துச் சொன்னேன். "சட்டப்படி இது தடையே இல்லை டீச்சர். ஆனா அந்த அம்மா மனசு ஒப்பாம கட்டி வச்சா, வாற பொண்ணு அந்த வீட்டுல எப்படி இருக்கும்? நான் சனிக்கிழமை சாயங்காலம் வந்துருவேன். அதுவரைக்கும் யாரும் யாரையும் அடிச்சுக்காமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கென்ன, அவர் மௌனத்தில் இருந்தார்.

வியாழக்கிழமை, தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம். முறைப்படி அந்த வாரம் ஆரோக்கியமேரி வீட்டில். அழைக்காமலே பெனிட்டாவின் தாய்மாமன் ஒரு பெரிய விவிலியத்தோடு வந்து உட்கார்ந்தார். செபமாலை முடிந்ததும் முடியாததுமாக எழுந்து எசேக்கியேல் நூலை விரித்தார். பாவம் செய்தவனே சாவான், தகப்பனுடைய குற்றத்தை மகன் சுமக்க மாட்டான் என்று வருகிற பகுதியைப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"இதுக்கு மேல என்னங்க வேணும்? கடவுளே சொல்லிட்டாரு" என்றார்.

ஆரோக்கியமேரியின் கொழுந்தனார் விடுவாரா? "அப்ப பத்துக் கட்டளை குடுத்தப்ப சொன்னது யாரு? அதுவும் கடவுள்தான?"

அவ்வளவுதான். ஒருவர் எரேமியா என்றார், இன்னொருவர் புலம்பல் என்றார். ஒரு அம்மா கைப்பேசியில் தேடித் தேடி இரண்டு கட்சிக்கும் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடவுளையே இரண்டு கட்சியாகப் பிரித்து எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள். இது நம் ஆட்களுக்கே உரிய வியாதி. வெளியாள் யாராவது முரண்பாடு என்று சொன்னால் முரண்பாடே கிடையாது என்று சண்டைக்குப் போவோம். நம் வீட்டுச் சண்டை என்று வந்துவிட்டால் நாமே வசனத்தை எடுத்து வசனத்தை அடிப்போம்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கும் நாக்கு துறுதுறுத்தது. எசேக்கியேல் பக்கம் நின்று பேச என்னிடம் ஒரு மணி நேரத்துக்குச் சரக்கு இருந்தது. அன்றைக்கு நான் அந்த வாக்குவாதத்தில் ஜெயித்திருப்பேன், சந்தேகமே இல்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஆரோக்கியமேரி. மாமன் வாசிக்கும்போது நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாதத்தில் தோற்கிறவர்களுக்குக் கோபம் வரும். இவருக்குக் கோபம் வரவில்லை. மகன் சுமக்க மாட்டான் என்ற இடம் வந்ததும் முகம் வெளுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் நடந்த சண்டை முழுவதும் அவர் இல்லாமலே நடந்தது. அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

"செபம் சொல்லி முடிச்சுக்குவோம்" என்று எழுந்தேன்.

தாய்மாமனுக்கு ஆத்திரம். வாசல் வரை பின்னால் வந்தார். "நீங்க யாரு பக்கம் டீச்சர்? ஒரு பொம்பளப் புள்ள வாழ்க்கை. வேதம் படிச்ச நீங்களே வாயத் தெறக்க மாட்டேங்கிறீகளே."

"மூணாவது ஓலைய வாசிக்கிற பக்கம் சார். நீங்க ஞாயித்துக்கெழம வரைக்கும் அந்தப் புத்தகத்தை மூடி வைங்க" என்றேன். வயதில் மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாதுதான். ஆனால் மறுபடி அப்படி ஒரு வியாழக்கிழமை வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆரோக்கியமேரியின் கடைக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முறத்தில் கிடந்த சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து இரண்டு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தேன். விவிலியத்தை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். மாவு ஆகி அவர் கிரைண்டரை நிறுத்தினபின்தான் கேட்டேன்.

"நேத்து அதை வாசிச்சப்ப ஏங்க்கா எந்திரிச்சுப் போனீக?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"எனக்கு எங்க அத்தை மகனைப் பேசி வச்சிருந்தாக டீச்சர். நான் ஜெரால்டு அப்பாவைத்தான் கட்டுவேன்னு வீட்டை விட்டு வந்துட்டேன். எங்கப்பாரு தெருவுல எறங்கி மண்ணை வாரித் தூத்துனாரு. ஒனக்குப் பொறக்குறது வெளங்காதுன்னாரு. அதுக்கப்புறம் எம் மூஞ்சியில முழிக்காமலே போயும் போயிட்டாரு."

இன்னும் ஒரு கை வெங்காயத்தை அள்ளி என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"என் மூத்தவன் லாரன்ஸ் வத்தலக்குண்டு ரோட்டுல வண்டியோட விழுந்து போனான்ல. காலேசு முடிச்ச வருசம். அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, எங்கப்பாரு சொன்னது பலிச்சிருச்சுன்னு. என்னாலதான் போனான் எம்புள்ள. இந்த வீட்டுல ஒரு சாபம் கெடக்கு. அந்த வீட்டுல ஒரு ரத்தம் கெடக்கு. ரெண்டும் ஒண்ணு சேந்தா, பொறக்கப் போற புள்ள எப்படி டீச்சர் பொழைக்கும்?"

ஊரே அவர் பெண் வீட்டைக் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தது. அவருடைய பயம் தன் வீட்டைப் பற்றியது. அதைச் சொல்ல வாய் வராமல் சவரிமுத்துவைக் காட்டியிருக்கிறார்.

"அந்த சாரு வாசிச்சது மெய்யின்னா" என்று ஆரம்பித்தவர் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "தாய் தகப்பன் செஞ்சது புள்ளைய அண்டாதுங்கிறது மெய்யின்னா, அப்ப எம்புள்ள சும்மாவா செத்தான்?"

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு எந்தத் தாளிலும் பதில் கிடையாது. அந்தக் கொடூரமான வசனத்தை அவர் இத்தனை வருடம் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததே அது ஒரு காரணத்தைக் கொடுத்ததால்தான். காரணம் தானே என்றாலும் பரவாயில்லை, காரணமே இல்லாமல் பிள்ளை போனான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. முந்தின நாள் அந்த நல்ல மனிதர் எழுந்து நின்று வாசித்தது அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கம்பையும் பிடுங்கிவிட்டது. நல்லவேளை, நானும் சேர்ந்து பேசவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அக்கா, மொத வசனம் தப்புப் பண்ணப் போற தகப்பனுக்குச் சொன்னது. ஏலே, நீ செய்யிறது ஒன்னோட போகாது, ஒம்புள்ள தலையிலயும் விழும், கைய அடக்குன்னு. அதுக்கு அடுத்த வரியிலேயே, இரக்கம் ஆயிரம் தலைமுறைக்கு வரும்னு சொல்லியிருக்கு. பிரசங்கம் பண்றவரு அதை விட்டுட்டாரு. ரெண்டாவது வசனம் வேற ஆளுகளுக்குச் சொன்னது. நாடு விட்டு நாடு கொண்டு போகப்பட்டு, எங்க அப்பன் பாட்டன் செஞ்சதுக்குத்தான் நாங்க சீரழியிறோம்னு சொல்லிச் சொல்லி ஒக்காந்துட்ட சனத்துக்கு. எந்திரி, அது ஒன் கணக்கு இல்லன்னு. நீங்க அந்தச் சனம்க்கா. அடுத்தவுகளுக்குச் சொன்ன வசனத்தை எடுத்து நீங்களே ஒங்க தலையில போட்டுக்கிட்டீக. ஒங்கப்பாரு மண்ணைத் தூத்துனது அவரு கோவம். அதை வாங்கிக்கிட்டு வந்து ஒரு புள்ளையக் கொல்றவரு இல்ல கடவுளு."

"அப்ப ஏன் செத்தான்?"

"தெரியலக்கா."

இதைச் சொல்ல நான் எவ்வளவு பயந்தேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நம்மைப் பார்த்தாலே சனங்கள் பதிலை எதிர்பார்க்கிறார்கள். கடவுளின் திட்டம், நம்மைவிட அவருக்கு அவன்மேல் அன்பு அதிகம், சோதிக்கிறார் என்று சொல்ல எத்தனையோ வார்த்தைகள் வாயில் வரிசை கட்டி நிற்கும். விழுங்கிவிடுங்கள். விழுங்குவதுதான் அந்த நேரத்தில் உங்கள் வேலை.

ஆரோக்கியமேரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "லாரன்ஸ் போனப்ப வீட்டுக்கு வந்தவுக அம்புட்டுப் பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிட்டுப் போனாக டீச்சர். தெரியலன்னு ஒருத்தரும் சொல்லல" என்றார். பிறகு அழுதார். நானும் அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ள வசதியாக இருந்தது. அதற்குள் மாவு வாங்க ஆள் வந்துவிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், "ஓலையைப் பத்தி நாளைக்கு வந்து சொல்றேன்" என்றார். அதற்குமேல் நான் அழுத்தவில்லை.

சனிக்கிழமை காலையில் நான் கோயிலைத் திறக்கும்போதே வாசலில் ஒருவர் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். சவரிமுத்து. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். நான் அவரை அதுவரை பார்த்ததில்லை.

"நான் கல்யாணத்துக்கு வரல டீச்சரம்மா. மண்டபத்துப் பக்கமே தல காட்ட மாட்டேன். ஓலையில எம்பேரை மட்டும் எடுத்துட்டு, மாமன் பேரைப் போட்டு வாசிங்க. எம்புள்ள பொழைச்சுப் போகட்டும்."

அப்படி மாற்றி வாசிக்க முடியாது என்றேன். வியாழக்கிழமை நடந்த வசனச் சண்டை அவர் காதுக்கும் போயிருந்தது.

"மச்சான் எனக்காகத்தான் அம்புட்டுப் பேசியிருக்காரு. ஆனா அந்த மொத வசனம் பொய்யின்னு மட்டும் சொல்லிறாதீக. நான் செஞ்சது எம்புள்ள மேல விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு. எனக்கு அது தெரியணும். தெரிஞ்சதாலதான் குடியை விட்டேன்."

யாருக்குச் சொன்னது என்று கேட்காமல் எது சரி என்று மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஒரு வசனம் இவருக்கு வேண்டும். மற்றது ஆரோக்கியமேரிக்கு வேண்டும். வியாழக்கிழமை நான் ஒன்றை ஜெயிக்க வைத்திருந்தால், இரண்டு பேரில் ஒருவரை வெறுங்கையோடு அனுப்பியிருப்பேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆரோக்கியமேரி வந்துவிட்டார். இவர்தான் சவரிமுத்து என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சவரிமுத்து கும்பிட்டார். ஆரோக்கியமேரி பதிலுக்குக் கும்பிடவில்லை. நின்று பார்த்தார்.

"ஒங்க தம்பிக்குப் புள்ள இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு பையன் இருக்கான்மா. நான்தான் படிக்க வச்சேன். எங்கிட்ட பேச மாட்டான். அவன் பேசாததும் சரிதான்."

ஆரோக்கியமேரி தலையை ஆட்டிக்கொண்டார். "எங்கப்பாரும் எங்கிட்டப் பேசாமத்தான் போனாரு" என்றார் மெதுவாக. பிறகு அவரிடம், "நாளைக்குப் பூசைக்கு இங்க வாங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "ஓலைய வாசிங்க டீச்சர். அவரு பேரோட வாசிங்க. பேரு வர்ற எடத்துல கொரலைக் கொறச்சிறாதீக" என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்க நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் வாசக மேடைக்குப் போனேன். கோயில் நிறைந்திருந்தது. விஷயம் பரவியிருந்தது, யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. சவரிமுத்து கடைசித் தூணுக்குப் பக்கத்தில், பாதி உடம்பு மறைவாக நின்றுகொண்டிருந்தார். ஜெரால்டின் பெயரை வாசித்தேன். பிறகு, சவரிமுத்துவின் மகள் பெனிட்டா என்று, மைக் இல்லாவிட்டாலும் கேட்கிற மாதிரி வாசித்தேன். பின் வரிசைகளில் தலைகள் அங்கும் இங்கும் திரும்பின. முணுமுணுப்பு எழுந்தது. பெண்கள் பக்கத்து முன் பெஞ்சிலிருந்து ஆரோக்கியமேரி எழுந்து, நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த மகனிடம் குனிந்து ஏதோ சொன்னார். ஜெரால்டு பின்னால் போனான். தூணருகே நின்றவரின் கையைப் பிடித்து அத்தனை பேர் பார்க்க நடத்திக் கூட்டிவந்து, முன் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். அவர் உட்காரும்வரை நான் நிறுத்திக்கொண்டு நின்றேன். அதன் பிறகுதான், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்ற வரியை வாசித்தேன்.